ஆக்டின் கேள்விக்கு ஒரு கோடு போதும்

சிஎஸ்ஐஆர் நெட் லைஃப் சயின்ஸ் தேர்வுக்கு முதல் தடவை படித்தபோது, செல்லுக்குள் இழைகளாகக் கோத்துக்கொள்ளும் ஆக்டின் என்ற புரதத்தின் பகுதிக்கு என் நோட்டில் இருந்ததெல்லாம் அதோடு சேர்ந்து வேலை செய்யும் புரதங்களின் பெயர்கள்தான். புரோஃபிலின், கோஃபிலின், ஃபார்மின், ஆர்ப் 2/3, எதிரே ஒரு வரியில் அதன் வேலை. ஒரு மாதிரித் தேர்வில், சோதனைக் குழாயில் இருக்கும் இழைகளோடு சைட்டோகலாசின் என்ற மருந்தைச் சேர்த்தால், இழையில் சேராத தனி ஆக்டினின் செறிவு எங்கே போய் நிற்கும் என்று கேட்டிருந்தார்கள். இழையைக் குலைக்கும் என்பது தெரியும், அதை வைத்து என்ன செய்வது? பார்ட் சி-யில் சரியானால் 4 மதிப்பெண், தப்பினால் 1 போய்விடும். எனக்கு 1 போனது.

அப்புறம்தான் இழைக்கு ஒரு கோடு போட்டு, இரண்டு முனையிலும் எண் எழுத ஆரம்பித்தேன். ஏடிபி (ATP என்ற ஆற்றல் மூலக்கூறு) ஏந்திய ஆக்டினுக்கு, கழலும் வேகத்தைச் சேரும் வேகத்தால் வகுத்தால், அந்த முனை வளராமலும் கரையாமலும் நிற்கும் செறிவு கிடைக்கும்: வேகமாக வளரும் பிளஸ் முனையில் 1.4/11.6, அதாவது சுமார் 0.12 மைக்ரோமோலார், மைனஸ் முனையில் 0.8/1.3, சுமார் 0.6. தனி ஆக்டின் இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தால் பிளஸ் பக்கம் வளரும், மைனஸ் பக்கம் கரையும், அதுதான் ட்ரெட்மில்லிங். சைட்டோகலாசின் பிளஸ் முனையை மூடிவிடுகிறது. மிச்சம் இருப்பது மைனஸ் முனை மட்டும், அதனால் செறிவு 0.6 வரை ஏறித்தான் நிற்கும். விடை கோட்டிலேயே இருக்கிறது!

நேரம் போகப் போக எவ்வளவு இழை உருவாகிறது என்று காட்டும் கிராஃப் கேள்வியும் இப்படித்தான். இரண்டு ஆக்டின் சேர்ந்தால் உடனே பிரிந்துவிடும், மூன்று சேர்ந்தால்தான் வளர ஒரு பிடி கிடைக்கும், ஆரம்பத் தாமதம் அதனால். தயார் இழைத் துண்டுகளைப் போட்டால் தாமதம் போகும், ஆனால் கடைசி அளவு மாறாது. இங்கே நிறையப் பேர் வழுக்குகிறார்கள்.

கோஃபிலினையும் கோட்டிலேயே வையுங்கள். இழையில் சேர்ந்த ஆக்டினின் ஏடிபி (ATP) கொஞ்ச நேரத்தில் ஒரு பாஸ்பேட்டை இழந்து ADP ஆகிவிடும். அதனால் பிளஸ் பக்கம் புதுசு, மைனஸ் பக்கம் பழசு என்று எழுதிக்கொள்ளுங்கள்; கோஃபிலின் பழசைப் பிடித்துத்தான் நறுக்கும்.

மருந்துகளில் ஃபலாய்டின் இழையை இறுக்கும், லாட்ருன்குலின் தனி ஆக்டினைப் பிடித்து வைக்கும். அவ்வளவுதான். இழையில் கிளை விட வைக்கும் ஆர்ப் 2/3-க்கு மட்டும் 70 டிகிரி கிளைக் கோணத்தை மனப்பாடம் செய்துவிடுங்கள், அதைக் கோடு போட்டுக் கண்டுபிடிக்க முடியாது.