கொட்டவில்லை, அறுந்திருக்கிறது

தலைக்குக் குளித்துவிட்டு வந்த அக்கா மகள், ஈரத்தோடேயே நெருக்கப் பல் சீப்பை உச்சியில் வைத்து வறட்டென்று இழுத்தாள்.

"பாரு சித்தி, எல்லாம் கொட்டுது."

சீப்பில் சிக்கியதை எடுத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் துண்டு முடி. வேரிலிருந்து தானாக உதிர்ந்த முடியின் ஒரு முனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருக்கும். இவற்றில் அது இல்லை.

ஈர முடி ரப்பர் மாதிரி நீளும், மேலும் இழுத்தால் அறும். மெல்லிய முடி என்றால் இன்னும் சீக்கிரம். அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுத்து மேலே வர வேண்டும்.

வாங்கும்போது பற்களில் விரலை ஓட்டிப் பாருங்கள். மலிவு பிளாஸ்டிக் சீப்புகளில் பல் ஓரமாக ஒரு கூர்மையான கோடு தட்டுப்படும். முடியைச் சுரண்டுவது அதுதான்.

ட்ரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஆட்டிக்கொண்டே காட்டலாம். ஸ்ட்ரெய்ட்னர் மட்டும் ஈரத்தில் கூடவே கூடாது. உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி முடியை உடைத்துவிடும்.

முடி மெல்லிசு என்றதும் ஆளாளுக்கு ஓர் எண்ணெய் பேர் சொல்கிறார்கள். கையில் என்ன சீப்பு என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பிள்ளையோ தன் தலைமுடியே சரியில்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறது.

சாயங்காலம் கடைக்குப் போகிறோம். ரப்பர் பேண்டுக்குப் பதில் துணி பேண்டும் வாங்க வேண்டும்.