வேலையை விட்டு விமானம் ஏறும் முன்

செருப்பைக் கழற்றிவிட்டு நுனிக்காலில் நின்று, சுவரில் 212 சென்டிமீட்டர் உயரத்தில் போட்டிருக்கும் கோட்டை விரலால் தொட வேண்டும். எமிரேட்ஸும் கத்தார் ஏர்வேஸும் கேபின் க்ரூவுக்கு, அதாவது விமானத்துக்குள் பயணிகளைக் கவனிக்கும் வேலைக்கு, ஆள் எடுக்கும்போது வைக்கிற சோதனை இது. பலர் இதை ஏதோ அழகுப் போட்டி அளவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். தீயணைப்பான், ஆக்ஸிஜன் சிலிண்டர், மெகாஃபோன், முதலுதவிப் பெட்டி போன்றவற்றில் பல, பயணிகள் பை வைக்கும் மேலடுக்கிலேயே மாட்டியிருக்கும். புகை சூழ்ந்த நேரத்தில் ஏறி நிற்க ஸ்டூல் தேட முடியாது. அதற்குத்தான் அந்த 212.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இந்த வேலையில் பாதி விஷயங்கள் இப்படித்தான் தலைகீழாகத் தெரியும். சாப்பாடு பரிமாறத்தான் ஆள் வைக்கிறார்கள் என்று தோன்றும். இந்திய விதிப்படி 50 இருக்கைக்கு ஒருவர் என்பது கணக்கு. 186 இருக்கை உள்ள ஏர்பஸ் ஏ320-க்கு நாலு பேர், 78 இருக்கை உள்ள சிறிய ஏடிஆர் விமானத்துக்கு இரண்டு பேர். தண்ணீர் பாட்டில்கூட விலைக்கு விற்கிற விமானத்திலும் அந்த நாலாவது ஆள் வராவிட்டால் நிரம்பிய விமானம் நகராது. அந்தக் கணக்கு கதவுகளையும், அவற்றின் வழியே வெளியேற வேண்டிய ஆட்களையும் வைத்துப் போட்டது. தட்டுக்கும் கோப்பைக்கும் அதில் இடமில்லை.

பிபிஓவில் மூன்று வருடம், ஹோட்டல் ரிசப்ஷனில் நாலு வருடம், இல்லை வார்டில் நர்ஸாக ஐந்து வருடம் என்று இருந்துவிட்டு, 'இனி பறக்கலாமா' என்று யோசிப்பவர்கள் முதலில் இதை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். உபசரிக்கும் குணம் இருந்தால் நல்லது. ஆனால் வருடா வருடம் தேர்வு எழுதி, உத்தரவுக்கு எதிர்ப்பேச்சில்லாமல் ஒரே வேலையை ஒரே வரிசையில் ஆயிரம் தடவை செய்கிற குணம் இருக்கிறதா என்பதுதான் பெரிய கேள்வி.

தகுதி என்று பார்த்தால் பெரிய படிப்பு எதுவும் கேட்பதில்லை. பிளஸ் டூ போதும். இந்திய நிறுவனங்களில் 18 வயது நிறைந்திருக்க வேண்டும், பெண்களுக்கு உயரம் 155 செ.மீ. என்பது பரவலான அளவு. வளைகுடா நிறுவனங்களில் குறைந்தது 21 வயது, எமிரேட்ஸில் 160 செ.மீ. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் பெண்களுக்கு 158, ஆண்களுக்கு 165. வேலை மாறுகிறவர்களை இடறுவது உயரம் அல்ல, வயது. உள்நாட்டு விளம்பரங்களில் அனுபவம் இல்லாதவர்களுக்கான உச்சவரம்பு பெரும்பாலும் 27-ஐ ஒட்டித்தான் நிற்கும். 26 வயதில் 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடுபவர், உள்நாட்டு வாசலை மூடிவிட்டு வெளிநாட்டு வாசலை மட்டும் மிச்சம் வைத்துக்கொள்கிறார். வெளிநாட்டுக்காரர்கள் ஒரு வருடமாவது வாடிக்கையாளரோடு நேரில் பழகிய அனுபவம் கேட்பார்கள். அங்கே உங்கள் பழைய வேலை வீண்போகாது.

சட்டைக்கு வெளியே தெரிகிற டாட்டூ இருந்தால், சீருடை போட்ட பிறகும் தெரியுமா என்று கண்ணாடி முன் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். மேக்கப் போட்டு மறைப்பதைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை.

இனி ஏர் ஹோஸ்டஸ் அகாடமிகள். லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஆறு மாதமோ ஒரு வருடமோ டிப்ளமோ தருகிறார்கள். அந்த டிப்ளமோ எந்த விமான நிறுவனத்துக்கும் கட்டாயமில்லை. கட்டாயப் பயிற்சியை, இந்திய விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ அனுமதித்த பாடத்திட்டத்தில், வேலைக்கு எடுத்த நிறுவனமே தரும். கூச்சம் போக, ஆங்கிலம் சரளமாக, நடை உடை திருந்த வேண்டும் என்றால் அகாடமி உதவலாம். அதற்கு அவ்வளவு பணமா என்பது அவரவர் பாடு. ஏற்கெனவே நாலு வருடம் கவுன்டரில் நின்று ஆட்களைச் சமாளித்தவர் அந்தப் பணத்தைச் செலவழிப்பது, நீச்சல் தெரிந்தவர் டியூப் வாங்குவது போல. இன்டர்வியூவுக்கோ, சீருடைக்கோ, 'செக்யூரிட்டி டெபாசிட்' என்றோ முன்பணம் கேட்கிற ஆள் யாராக இருந்தாலும் ஏமாற்றுக்காரர்தான். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

வாக்-இன் இன்டர்வியூவில் 'ஏன் இந்த வேலை' என்ற கேள்விக்கு, 'எனக்குப் பயணம் பிடிக்கும்' என்று சொன்னால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். காலையிலிருந்து அதையே எத்தனையோ பேர் சொல்லியிருப்பார்கள். கத்துகிற வாடிக்கையாளரை எப்படி அமைதிப்படுத்தினீர்கள், என்ன வார்த்தை சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார் என்று ஒரு நிகழ்வை ஒழுங்காக இரண்டு நிமிடத்தில் சொல்லத் தெரிந்தால் அது போதும். குழு விவாதத்தில் அதிகம் பேசுகிறவரைவிட, பேசாமல் இருப்பவரை உள்ளே இழுத்துப் பேச வைப்பவரைத்தான் குறித்துக்கொள்வார்கள். உள்நாட்டு நிறுவனமென்றால் ஓர் அறிவிப்பை ஆங்கிலத்திலும் இந்தியிலும் வாசிக்கச் சொல்லலாம். இந்தி தட்டுத்தடுமாறினால் முன்கூட்டியே பத்து அறிவிப்புகளைச் சத்தமாக வாசித்துப் பழகுங்கள்.

பயிற்சி இரண்டு, மூன்று மாதம் ஓடும். தீயணைப்பு, முதலுதவி, 30 அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு என்ற கணக்கில் சிபிஆர், ஆபத்தான சரக்குகளின் ஒன்பது வகைகள், பாதுகாப்பு, நீச்சல் குளத்தில் லைஃப் ஜாக்கெட்டோடு குதிப்பது, அவசரத்தில் கதவிலிருந்து ஊதி விரியும் சறுக்கியில் இறங்குவது. செல்போன் பேட்டரி தீப்பிடித்தால் முதலில் ஹாலான் தீயணைப்பானால் சுவாலையை அடக்க வேண்டும். பிறகு தண்ணீரோ மது கலக்காத வேறு பானமோ ஊற்றிக் குளிரவைக்க வேண்டும். ஐஸ் வைக்கக் கூடாது. ஐஸ் மேலே மூடிக்கொண்டு உள்ளிருக்கும் சூட்டை வெளியே விடாது. இருக்கைக்கு இடையில் போன் விழுந்துவிட்டால் இருக்கையைச் சாய்க்கவோ நிமிர்த்தவோ கூடாது. போன் நசுங்கினால் அதுவே தீ. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை உண்டு, அந்த வரிசைதான் தேர்வில் கேள்வி. ஏழெட்டு வருடமாகப் பாடப் புத்தகம் தொடாதவர்கள் முதல் இரண்டு வாரம் திணறுவார்கள். இன்னொரு திணறல், குரல். 'பெல்ட்டைக் கழற்று, இந்தப் பக்கம் வா, குதி' என்று அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். ஹோட்டலிலும் வங்கியிலும் தணிவாகப் பேசிப் பழகிய தொண்டைக்கு அது வரவே வராது. மென்மையாகச் சொன்னால் பயிற்சியாளர் தேர்ச்சி போட மாட்டார்.

எல்லாவற்றிலும் பெரிய பாடம் கதவு. ஏ320 கிளம்பும் முன், சிவப்பு நாடா தொங்கும் பின்னை உருவி, கதவருகே உள்ள லீவரை 'ஆர்ம்' நிலைக்கு, அதாவது சறுக்கி தயாராக இருக்கும் நிலைக்குக் கொண்டுபோவார்கள், பின்னை அதற்குரிய இடத்தில் வைப்பார்கள். அந்த நொடியிலிருந்து உள்ளிருந்து யாராவது கதவைத் திறந்தால் கதவு தானே வெளியே தள்ளிக்கொண்டு போகும், சில வினாடிகளில் சறுக்கி ஊதிப் புடைத்து வெளியே நிற்கும். தரையிறங்கி நின்றதும் லீவரைத் திருப்பி, பின்னைச் செருகி, எதிர்க் கதவையும் பார்த்து உறுதி செய்ய வேண்டும். போயிங் 737-இல் இன்னும் பழைய முறை: சறுக்கியோடு இணைந்த உலோகத் தண்டைக் குனிந்து தரையிலுள்ள கொக்கிகளில் கையாலேயே மாட்டுவார்கள், கதவின் கண்ணாடிக்குக் குறுக்கே சிவப்புப் பட்டையைப் போடுவார்கள்.

கேட்க எளிது. தவறு எங்கே நடக்கிறது? அன்றைய நாலாவது செக்டாரில், அதாவது ஓர் ஊரில் ஏறி இன்னோர் ஊரில் இறங்கும் நாலாவது பயணத்தில். கை லீவருக்குப் போகும்போது ஒரு பயணி 'என் பை எங்கே' என்று தோளைத் தொடுவார், கவனம் சிதறும், அரைகுறையாகச் செய்தது முழுசாகச் செய்ததாக மனதில் பதிந்துவிடும். ஏ320 கதவின் சின்னக் கண்ணாடிக்குக் கீழே ஒரு வெள்ளை விளக்கு இருக்கிறது. ஆர்ம் நிலையிலேயே கைப்பிடியை லேசாகத் தூக்கினால் அது எரியும். கடைசி வாய்ப்பு அது. அதைப் பார்க்காமல் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டால் சறுக்கி வெளியே. கீழே ஏணிப்படியோ ஆளோ இருந்தால் கதை வேறு. புதுச் சறுக்கி பொருத்தும் வரை விமானம் நிற்கும், இல்லாவிட்டால் ஆட்களைக் குறைத்துக்கொண்டு கிளம்பும். அந்த க்ரூ விசாரணைக்குப் போவார். அதனால்தான் அனுபவசாலிகள் இடையில் யாராவது பேசினால் விட்ட இடத்திலிருந்து தொடர மாட்டார்கள், முதலிலிருந்து தொடங்குவார்கள்.

அந்தக் கதவு எதற்கென்று 2024 ஜனவரி 2-ஆம் தேதி டோக்கியோ ஹனேடாவில் தெரிந்தது. ஜப்பான் ஏர்லைன்ஸின் ஏ350 தரையிறங்கும்போது ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தில் மோதித் தீப்பிடித்தது. அந்தச் சிறிய விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். பெரிய விமானத்தில் 379 பேர். உள் அறிவிப்புக் கருவி வேலை செய்யவில்லை; மெகாஃபோனும் வெறும் தொண்டையும்தான். எட்டுக் கதவில் மூன்றைத்தான் பயன்படுத்த முடிந்தது. எந்தப் பக்கம் தீ இருக்கிறதென்று கண்ணாடி வழியே பார்த்து, திறக்கக் கூடாத கதவைத் திறக்காமல் விட்டார்கள். பின்புறக் கதவை, காக்பிட்டோடு பேச வழியில்லாத நிலையில், அங்கிருந்த க்ரூவே முடிவெடுத்துத் திறந்தார்கள். 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். விமானம் மேலேறும்போதும் இறங்கும்போதும் ஜம்ப் சீட்டில் (க்ரூவுக்கான மடக்கு இருக்கையில்) க்ரூ சும்மா உட்கார்ந்திருப்பது போலத் தெரியுமே, அப்போது மனதுக்குள் ஓடுவது இதுதான்: என் கதவு எது, திறப்பது எப்படி, வெளியே தீ இருந்தால் அடுத்த கதவு எது, உதவிக்கு எந்த வரிசையில் யாரைக் கூப்பிடுவேன்.

இப்போது காசு. சம்பளம் பெரும்பாலும் இரண்டு துண்டு: அடிப்படை ஒன்று, பறக்கும் மணிக்கான படி இன்னொன்று. வேற்றூரில் தங்கினால் அதற்குத் தனிப் படி. பறக்கும் மணி என்பது பொதுவாகச் சக்கரக் கட்டையை எடுத்ததிலிருந்து திரும்ப வைக்கும் வரை. சென்னையிலிருந்து மதுரை போய்த் திரும்பி, பிறகு பெங்களூரு போய்த் திரும்பினால் நாலு செக்டார், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்தைச் சுற்றி. கணக்கில் வருவது நாலு, ஐந்து மணி. ஆனால் வீட்டு வாசலில் வண்டி ஏறியதிலிருந்து திரும்ப இறங்கும் வரை பத்து மணி ஓடியிருக்கும். இடையில் விமானம் அடுத்த பயணத்துக்குத் தயாராகும் அரை மணி டர்ன்அரவுண்டில் இருக்கைப் பையைத் துழாவிக் குப்பை எடுப்பதும் மலிவுக் கட்டண நிறுவனங்களில் க்ரூவின் வேலைதான். வருடத்துக்கு 1000 பறக்கும் மணிக்கு மேல் விதி அனுமதிக்காது என்பதால் வருமானத்துக்கும் ஒரு கூரை உண்டு. சளி பிடித்து ஒரு வாரம் பறக்காவிட்டால் படி போகும். மாதத் தவணை கட்டுகிறவர் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துக் குடும்பக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை எவ்வளவு, பாண்டு (இடையில் விலக மாட்டேன் என்ற ஒப்பந்தம்) எத்தனை வருடம், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்.

சளி என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டோம். கேபினுக்குள் காற்றழுத்தம் 6000 முதல் 8000 அடி மலையில் இருப்பது போலத்தான். ஊட்டியைவிடச் சற்றுக் குறைவோ கூடவோ. மூக்கு அடைத்திருக்கும்போது இறங்கினால் காதுக்குள் அழுத்தம் சமன்படாமல் ஜவ்வு பாதிக்கும். சிலருக்கு ரத்தம்கூட வரும். சைனஸ் தொந்தரவு அடிக்கடி வருகிறவர் காது மூக்கு தொண்டை மருத்துவரை விண்ணப்பிக்கும் முன்பே பார்ப்பது நல்லது, மருத்துவச் சோதனையில் போய்த் தெரிந்துகொள்ள வேண்டாம். அடுத்தது முதுகு. விமானம் மேலேறி முடிக்கும் முன்பே சர்வீஸ் தொடங்கினால், சரிவில் முழுச் சாமான் அடுக்கிய ட்ராலியைத் தள்ள வேண்டும். சிவப்பு மிதி அழுத்தினால் நிற்கும், பச்சை அழுத்தினால் விடுபடும். இரண்டு கையும் தட்டில் இருக்கும்போது சிவப்பை மறந்தால் ட்ராலி யாருடைய முழங்காலையாவது தேடிப் போகும்.

தூக்கம் இன்னொரு பெரிய அத்தியாயம். அதிகாலை நாலு மணிக்கு ஒரு நாள், மறுநாள் நள்ளிரவு, அதற்கடுத்து ஸ்டாண்ட்பை. ஸ்டாண்ட்பை என்றால் வீட்டில் சீருடை இஸ்திரி போட்டு, பெட்டி கட்டி, போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. கூப்பிட்டால் குறித்த நேரத்துக்குள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். மீனம்பாக்கத்துக்கு இரண்டு மணி நேரத் தூரத்தில் குடியிருப்பவருக்கு இது நடக்காது, வீடு மாற்ற வேண்டியிருக்கும். அதோடு, பேஸ், அதாவது பணி தொடங்கி முடியும் ஊர், சென்னையிலேயே கிடைக்கும் என்று உத்தரவாதமும் இல்லை. தீபாவளி, பொங்கல், தங்கை கல்யாணம் எல்லாம் ரோஸ்டருக்கு, அதாவது பணி அட்டவணைக்கு, பின்னால்தான். லீவு சீனியாரிட்டிப்படி. சீனியாரிட்டி என்பது வயதில் இல்லை, சேர்ந்த தேதியில். 29 வயதுக்காரருக்கு 23 வயது லீட் (அந்த விமானத்தின் க்ரூ தலைவர்) உத்தரவு போடுவார். முந்தைய வேலையில் டீம் லீடராக இருந்தவர்களுக்குக் கசக்கிற இடம் இதுதான். பயிற்சியைவிடக் கடினம் என்றே சொல்லலாம்.

மது விஷயத்தில் இந்திய விதி கறாரானது. பணிக்கு 12 மணி நேரம் முன்பிருந்தே கூடாது, மூச்சுச் சோதனையில் அளவு பூஜ்யமாக இருக்க வேண்டும். குடிக்காதவர்களும் கவனிக்க வேண்டியது: மது கலந்த மவுத்வாஷும் தடைதான்.

வீட்டில் பெரியவர்கள் 'கல்யாணம் ஆனால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களே' என்பார்கள். காரணமில்லாமல் வந்த பயமல்ல. ஏர் இந்தியாவில் ஒரு காலத்தில், சேர்ந்து நாலு வருடத்துக்குள் திருமணம், முதல் கர்ப்பம், 35 வயது, இதில் எது முதலில் வருகிறதோ அதோடு வேலை போய்விடும். நர்கேஷ் மீர்சா வழக்கில் 1981-இல் உச்ச நீதிமன்றம் கர்ப்ப விதியைத் தூக்கி எறிந்தது. நாலு வருடத் திருமண விதியை அப்போது அப்படியே விட்டுவைத்தது. இன்று குழந்தை பெற்று மறுபடி பறக்க வருகிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். ஆனால் கர்ப்ப காலத்தில் பறக்கவிட மாட்டார்கள், பறக்கும் படியும் இராது. அந்த மாதங்களுக்கு நிறுவனம் தரைப் பணி தருமா என்று இப்போதே கேட்டு வைக்கலாம்.

பழைய வேலைக்கு ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் நேரம் முக்கியம். தேர்வானதாக வரும் மின்னஞ்சல் போதாது. மருத்துவச் சோதனை முடிந்து தகுதி என்று வர வேண்டும், பயிற்சி பேட்ச் தொடங்கும் தேதி எழுத்தில் வர வேண்டும். விமான நிலைய நுழைவு அட்டைக்குப் பின்னணி விசாரணை உண்டு என்பதால் பழைய நிறுவனத்தின் ரிலீவிங் கடிதம் தேவைப்படும். சண்டை போட்டுக்கொண்டு வெளியேறாதீர்கள். நம் ஊர்க்காரர்கள் அதிகம் மாட்டுவது இனிஷியலில். மதிப்பெண் சான்றிதழில் 'க. மீனா' என்றும், ஆதாரில் 'மீனா க' என்றும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து 'மீனா கருப்பையா' என்றும் இருந்தால், மூன்றும் ஒருவரே என்று நிரூபிக்கக் கெசட், அஃபிடவிட் என்று அலைய நேரும். விண்ணப்பம் போடுவதற்கு முந்தின வாரமே எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.