கருமணல் ஊரில் ரத்தம் கொடுத்தோம்

மணவாளக்குறிச்சியை ஒட்டிய கடற்கரை ஊர் எங்களுடையது. இங்குள்ள கருமணலில் மோனசைட் என்ற தாது இருக்கிறது, அதற்குள் கதிர்வீச்சை வெளியிடும் தோரியம். யாருக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தாலும் பழி மண்ணுக்குத்தான் போகும். அதனால் நோய் எதிர்ப்புச் சக்தி ஆய்வுக்காக ஒரு பல்கலைக்கழகக் குழு ஆள் கேட்டு வந்தபோது அம்மாவும் நானும் பெயர் கொடுத்தோம்.

முதலில் வீட்டை அளந்தார்கள். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் கருவியைப் பிடித்தபோது வாசல் மணலில் மணிக்கு 1.1 மைக்ரோசீவர்ட் காட்டியது; உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு சீவர்ட். சிமெண்ட் தரை போட்ட அறைக்குள் 0.3 தான். வருஷம் முழுக்க வாசலிலேயே கிடந்தால் ஒன்பதரை மில்லிசீவர்ட் வரும். இயற்கைக் கதிர்வீச்சின் உலக சராசரி, மூச்சில் போகும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவையும் சேர்த்தே, ஆண்டுக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட்.

அப்புறம் கேள்விகள். பீடி, வெற்றிலை, சிடி ஸ்கேன், ஸ்டீராய்டு மாத்திரை, சமீபத்தில் காய்ச்சல் உண்டா என்று நீண்டது. சாதாரணக் காய்ச்சலே வெள்ளையணுக்களின் கணக்கை மாற்றிவிடுமாம். அம்மாவுக்கு அப்போது காய்ச்சல் விட்டு வந்த நேரம் என்பதால், அவரிடம் பிறகுதான் ரத்தம் எடுத்தார்கள்.

"இத எங்க கொண்டு போறிய மக்களே?" என்று அம்மா கேட்டதும் அந்த ஆய்வு மாணவி பச்சை மூடிக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டே திண்ணையில் உட்கார்ந்து விளக்கினார். உடம்பில் கதிர்வீச்சுக்குச் சீக்கிரம் பாதிப்படையும் செல்களில் லிம்போசைட் என்ற வெள்ளையணு வகையும் ஒன்று. அவற்றை ஆய்வகத்தில் இரண்டு நாள் வளர்த்து, பிளவுபடும் நேரத்தில் நிறுத்தி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோமுக்கு இடுப்பு மாதிரி ஓர் இடுக்கு உண்டு. இரண்டு குரோமோசோம்கள் முறிந்து தப்பாக ஒட்டிக்கொண்டால் இரண்டு இடுக்கு தெரியும்; கதிர்வீச்சின் பாதிப்புக்கு அது ஓர் அடையாளம். ஆளுக்கு நூற்றுக்கணக்கான செல்களை இப்படிப் பார்க்க வேண்டும். முடிவு வர மாதக்கணக்கில் ஆனதற்குக் காரணம் இதுதான்.

எங்கள் இருவருக்கும் வெள்ளையணு வகைகள் வழக்கமான அளவுக்குள்ளேயே இருந்தன. "அப்போ ஒண்ணும் இல்லையா?" என்றேன். "ஒரு ஆளோட ரத்தத்த வெச்சு அப்படிச் சொல்ல முடியாதுண்ணா" என்றார். ஊர் ஊராக ஒப்பிட வேண்டும். கேரளத்தின் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைத் தொடர்ந்து பார்த்து 2009-இல் வெளியான ஆய்வில், மணல் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. ஈரானின் ராம்சரில் கதிர்வீச்சு இன்னும் அதிகம். அங்கே சிலருக்கு ரத்தத்தில் ஐஜிஇ கூடுதலாக இருந்ததாக 2007-இல் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வாமையோடு தொடர்புடைய புரதம் அது. கூடியிருந்தால் மட்டும் நோய் என்று ஆகாது. கருமணலில் படுத்தால் எதிர்ப்புச் சக்தி ஏறும் என்று வாட்ஸப்பில் வருகிறதே, அதற்கு இந்த ஆய்வுகளில் ஆதாரம் கிடையாது. தயவுசெய்து நோயாளிகளை அப்படிக் கொண்டுவந்து படுக்க வைக்காதீர்கள்.

உங்கள் ஊருக்கும் இப்படிக் குழு வந்தால் தாராளமாக ரத்தம் கொடுங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். முடிவை உங்கள் கையில் தருவார்களா என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். விடாத காய்ச்சலோ எடைக் குறைவோ இருந்தால் அந்த முடிவுக்காகக் காத்திருக்காமல் நேரே டாக்டரிடம் போங்கள்.