701 எஞ்சினில் பிஸ்டன் சீஸ் ஆனால்

யமஹா சூப்பர்ஜெட் என்ற ஜெட் ஸ்கீயின் 701 சிசி எஞ்சின் சீஸ் ஆனதும் (பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி நின்றதும்) புதுப் பிஸ்டன் வாங்க ஓடாதீர்கள். முதலில் காரணம். கிராங்க் சீல் (கிராங்க் ஷாஃப்ட் முனையில் காற்றைத் தடுக்கும் ரப்பர் வளையம்) வழியே காற்று நுழைந்து கலவை லீன் ஆகியிருக்கலாம், அதாவது பெட்ரோல் குறைந்து காற்று கூடியிருக்கலாம், கார்புரேட்டர் ஜெட் அடைத்திருக்கலாம். அதை விட்டுவிட்டால் புதுப் பிஸ்டனும் போகும்! காரணத்தைத் தேட, எஞ்சினின் இன்டேக், எக்ஸாஸ்ட் திறப்புகளை அடைத்து 7 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கசிகிற இடத்தில் குமிழி வரும்.

சிலிண்டர் கீறல் நகத்தில் தட்டினால் ரீபோர்தான், அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க வேண்டும். சிலிண்டர் விட்டத்தின் மூல அளவு 81 மி.மீ., அடுத்தது 81.25. பிஸ்டனைக் கையில் வைத்து அளந்தே போர் போடச் சொல்லுங்கள். போர்ட் (சிலிண்டர் சுவரில் உள்ள வாயுத் துளை) ஓரங்களை லேசாக மழுக்காவிட்டால் பிஸ்டன் ரிங் சிக்கி உடையும். பட்டறைகளில் அதிகம் மறப்பது இதைத்தான்.

பிஸ்டன் அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம். பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் சர்க்ளிப் எப்போதும் புதிது. முதல் டாங்க் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 40 மி.லி. ஆயில், பிறகு 20.