மூன்றரை வட்டியிலிருந்து ஒன்றேகால் வட்டிக்கு: கிரெடிட் கார்டு கடனை மாற்றிய அனுபவம்

மாதாமாதம் கார்டு பில்லில் போட்டிருக்கிற மினிமம் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு, கடன் ஏன் அசையவே மாட்டேன் என்கிறது என்று பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் கம்பெனியில், ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷூ தைக்கிற இடத்தில், எனக்குத் தெரிந்தே பத்துப் பேராவது இந்த நிலையில் இருக்கிறார்கள். வெளியே சொல்வதில்லை. வட்டிக்காரன் வீட்டு வாசலில் வந்து நின்றால் தெருவுக்கே தெரியும், கார்டுக் கடன் போனுக்குள்ளேயே கிடப்பதால் கட்டின மனைவிக்குக்கூடத் தெரியாமல் வளர்கிறது.

என் கடன் அப்பாவின் இதய சிகிச்சையில் வந்தது. காப்பீடு போக மீதியைக் கட்ட வேண்டியிருந்தது, கையில் இருந்தது போதவில்லை, சம்பளக் கணக்கோடு வந்த கார்டு சட்டைப்பையில் இருந்தது. தேய்த்தேன். அப்பா நடமாடுகிறார், அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் ஓவர்டைம் குறைந்த மாதங்களில் முழுப் பணமும் கட்ட முடியாமல் மினிமம் கட்ட ஆரம்பித்து, மளிகை, பள்ளிக் கட்டணம் எல்லாம் அதன் மேலேயே ஏறி, ஒரு கட்டத்தில் 1,40,000 ரூபாயில் வந்து நின்றது. கார்டைப் பீரோவில் வைத்துப் பூட்டின பிறகும் அது அங்கேயே நின்றது.

குடியாத்தத்தில் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கும் என் மச்சான், மனைவியின் அண்ணன், ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது பில்லை வாங்கி இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். நான் அதுவரை முதல் பக்கத்தைத் தாண்டினதில்லை. மொத்த பாக்கி, மினிமம், கடைசித் தேதி, அவ்வளவுதான் கண்ணில் படும். இரண்டாம் பக்கத்தில்தான் அந்த மாதத்து வட்டி 4,818 என்றும், அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 867 என்றும் தனித்தனி வரியாக இருந்தது. இரண்டையும் கூட்டினால் 5,685. நான் கட்டியது 7,000.

“இன்னா மாப்ளே, ஏழாயிரம் கட்றே, ஆயிரத்து முன்னூறுதானே கொறையுது? இப்டியே மினிமம் மட்டும் கட்னா பாதிக் கடன் தீரவே ஆறு வருஷத்துக்கு மேல ஆவும்” என்றார்.

மினிமம் என்பது என் கார்டில் பாக்கியில் 5 சதவீதம். வட்டி மாதம் 3.5 சதவீதம், ஜி.எஸ்.டி.யோடு சேர்த்தால் 4.13. நடுவில் இருக்கிற அந்த ஒரு சதவீதத்துக்கும் குறைவான இடைவெளிதான் அசலில் போய்ச் சேர்கிறது. ஊர்க் கணக்கில் சொன்னால் மூன்றரை வட்டி, வரியோடு நாலு ரூபாய்க்கும் மேல். நாலு ரூபாய் வட்டிக்கு யாராவது கைமாற்றுத் தந்தால் வாங்குவோமா? மினிமம் மட்டும் கட்டினால் திருப்பிச் செலுத்துவது பல மாதங்கள், வருஷங்கள் இழுத்துக்கொண்டு போகும் என்ற எச்சரிக்கையை ஒவ்வொரு பில்லிலும் போட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த கார்டு விதிகளிலேயே இருக்கிறது. என் பில்லிலும் அது இருந்தது, பொடி எழுத்தில். இன்னொன்றும் சொல்லி வைக்கிறேன்: முழுப் பணம் கட்டாத மாதத்திலிருந்து, புதிதாக வாங்குகிற பொருளுக்கும் கார்டில் வழக்கமாகத் தருகிற ஐம்பது நாள் வட்டியில்லாத சலுகை கிடையாது, வாங்கின தேதியிலிருந்தே வட்டி ஓடும். மளிகைக் கடையில் தேய்த்த ஐந்நூறுக்கும் அதே மூன்றரைதான்.

இந்த வட்டிக்கு உச்சவரம்பு கிடையாதா என்று கேட்பவர்கள் உண்டு. வருஷத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்பு சொன்னது, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆக, நாமே வழி தேட வேண்டியதுதான்.

முதலில் காதுக்கு வந்த வழி, பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு செல்போன் கடை. அவர்களே நம் கார்டு பாக்கியை முழுசாகக் கட்டிவிடுவார்கள், உடனே அதே கார்டை அவர்கள் மிஷினில் தேய்த்து அந்தப் பணத்தை எடுத்துக்கொள்வார்கள், நூற்றுக்கு இரண்டரை ரூபாய் கமிஷன். லைனில் என்னோடு நிற்கும் ஒருவர் இப்படித்தான் மாதாமாதம் ‘சுத்தி’ விடுகிறார். 1,40,000க்குக் கமிஷன் 3,500, அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது, அடுத்த மாதம் திரும்பவும் அதே கடைக்குப் போக வேண்டும். பொருளே வாங்காமல் பொருள் வாங்கினதாகப் போடுகிற பில் வேறு, வங்கி கண்டுபிடித்தால் கார்டை முடக்கிவிடும், அன்றைக்கு மொத்தக் கடனும் நம் தலையில் நிற்கும். அந்தப் பக்கமே போக வேண்டாம் என்று என்னால் ஆன மட்டும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் என்பதை மச்சான்தான் சொன்னார். ஒரு வங்கியின் கார்டில் இருக்கிற பாக்கியை இன்னொரு வங்கி தன் கார்டில் ஏற்றிக்கொண்டு, குறைந்த வட்டியில் தவணையாக வாங்கிக்கொள்வது. பழைய கார்டு வைத்திருக்கும் அதே வங்கியில் இது நடக்காது, வேறு வங்கியின் கார்டு வேண்டும், அதில் லிமிட்டும் காலியாக இருக்க வேண்டும், பழைய கார்டில் தவணை தவறாமலும் இருக்க வேண்டும். மினிமமாவது தேதிக்குள் கட்டிக்கொண்டே வந்ததால் என் சிபில் மதிப்பெண், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டுகிற மதிப்பெண், கெடவில்லை, அது இங்கே உதவியது. என்னிடம் உபயோகிக்காமல் கிடந்த இரண்டாவது கார்டு ஒன்று இருந்தது, லிமிட் 1,80,000. அதில் எனக்குக் கொடுக்க முன்வந்தது 1,20,000, முழு லிமிட்டையும் தர மாட்டார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘கார்டுக் கடனை மாத்தித் தர்றோம் சார்’ என்று தானாக வருகிற போனில் கார்டு எண்ணோ ஓ.டி.பி.யோ எதையும் சொல்லாதீர்கள். கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கிற எண்ணுக்கு நாமே கூப்பிட வேண்டும், அல்லது வங்கியின் ஆப்பில் போக வேண்டும். யாராவது ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அடிக்கச் சொல்லுங்கள்.

நான் இரண்டாவது கார்டின் வங்கியைக் கூப்பிட்டபோது, பேசிய பெண் இரண்டு திட்டம் சொன்னார். ஒன்று, 60 நாளைக்கு வட்டியே கிடையாது, 2 சதவீதக் கட்டணம் மட்டும். கேட்க இனிப்பாக இருக்கும், ஆனால் அறுபதாம் நாள் முழுப் பணத்தையும் வைக்க முடியாவிட்டால் மறுபடியும் மூன்றரை வட்டி. பி.எஃப். பணமோ சீட்டுப் பணமோ கைக்கு வரப்போகிறவர்களுக்கு அது சரி, எனக்கு அப்படி எதுவும் வரவில்லை. இன்னொன்று, மாதம் 1.25 சதவீதத்தில் தவணை, அதாவது ஒன்றேகால் வட்டி, அதற்கும் 2 சதவீதக் கட்டணம்.

இதே வாரத்தில் வேறொரு இடத்திலிருந்து 0.99 சதவீதம்தான் என்றார்கள். ஒன்றுக்கும் கீழே என்றதும் மனம் அங்கே ஓடியது. மச்சான் கேட்கச் சொன்ன ஒரே கேள்வி, “இது ஃபிளாட் வட்டியா, குறையும் இருப்பு வட்டியா?” ஃபிளாட் என்றார்கள். ஃபிளாட் என்றால் கடைசி மாதம் வரைக்கும் முழு 1,20,000க்கும் வட்டி. பதினெட்டு மாதத்துக்கு 21,384 ரூபாய் ஆகிறது, தவணை 7,855. 1.25 குறையும் இருப்பு என்பதால் கட்டக் கட்ட வட்டியும் குறைந்து, அதே பதினெட்டு மாதத்துக்கு 14,750தான், தவணை 7,486. சின்ன எண்ணாகத் தெரிந்த 0.99தான் ஆறாயிரத்துக்கும் மேல் அதிகம். போனில் சதவீதத்தைக் கேட்காதீர்கள், மாதத் தவணை எத்தனை ரூபாய், எத்தனை மாதம் என்று கேட்டு இரண்டையும் பெருக்குங்கள், விஷயம் தெரிந்துவிடும்.

பன்னிரண்டு மாதமா பதினெட்டா என்று யோசித்தோம். பன்னிரண்டு என்றால் தவணை 10,831, ஓவர்டைம் இல்லாத மாதத்தில் தவறிவிடும். பதினெட்டில் நான் ஏற்கெனவே மினிமமாகக் கட்டிக்கொண்டிருந்த ஏழாயிரத்தோடு எழுநூறு எண்ணூறு கூடப் போட்டால் போதும். எனக்கு இந்தக் கணக்கில் மனம் நின்ற இடம் இதுதான். சம்பளம் உயரவில்லை, யாரும் பணம் கொடுக்கவில்லை, கிட்டத்தட்ட அதே தொகை, ஆனால் இந்தத் தடவை அதற்கு முடிகிற தேதி ஒன்று இருந்தது. வட்டி, வட்டியின் ஜி.எஸ்.டி. 2,655, கட்டணமும் அதன் வரியும் 2,832, எல்லாம் சேர்த்து செலவு 20,237. பழைய கார்டிலேயே மினிமம் கட்டிக்கொண்டு இருந்திருந்தால் அந்த 1,20,000க்கு மட்டும் அதே காலத்தில் எண்பதாயிரத்துக்குப் பக்கத்தில் வட்டியும் வரியுமாகவே போயிருக்கும், கடனில் பெரும்பகுதி அப்படியே நின்றிருக்கும்.

பணம் பழைய கார்டுக்கு நெஃப்ட்டில் போகும், கார்டு எண்ணைத்தான் கணக்கு எண்ணாகப் போடுவார்கள். பதினாறு இலக்கத்தையும் நானும் மனைவியும் ஆளுக்கொரு தடவை வாசித்துச் சரிபார்த்தோம். போய்ச் சேரச் சில வேலை நாள் ஆகிறது, அதற்குள் பழைய கார்டின் கடைசித் தேதி வந்துவிட்டது. ‘அதான் மாத்தியாச்சே’ என்று விடாமல் அந்த மாத மினிமத்தையும் கட்டிவிட்டேன். விட்டிருந்தால் தாமதக் கட்டணமும் சிபிலில் ஒரு கறையும் வந்திருக்கும்.

முதல் தவணை பில் 10,588 என்று வந்ததும் மனைவி, “என்னங்க, ஏழாயிரம்னு சொன்னாங்களே” என்று பயந்துவிட்டாள். கட்டணமும் முதல் மாத வட்டியின் ஜி.எஸ்.டி.யும் அதில் சேர்ந்து வருகிறது, அடுத்த மாதம் 7,700 சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. முதல் மாதத்துக்கு மூவாயிரம் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கார்டில் மிச்சம் நின்ற இருபதாயிரத்துக்கு மனைவியின் சங்கிலியை வங்கியில் வைத்தோம். நகைக் கடன் வட்டி மாதம் ஒரு ரூபாய்க்கும் கீழே. அடகுக் கடையில் வைக்கலாம் என்று நான் சொன்னபோது, வங்கியில்தான் வைக்க வேண்டும் என்று அவள்தான் பிடிவாதமாக நின்றாள், தீபாவளி போனசில் மீட்டுக் கொடுத்தேன்.

பழைய கார்டில் பாக்கி பூஜ்யம் என்று ஆப்பில் பார்த்தபோது முடிந்தது என்றுதான் தோன்றும், முடியவில்லை. பில் போட்ட தேதிக்கும் நாம் கட்டின தேதிக்கும் நடுவில் ஓடின வட்டி அடுத்த பில்லில் வரும். எனக்கும் வந்தது, அதைக் கட்டின பிறகுதான் கார்டை மூடச் சொல்லி எழுதினேன். லிமிட் காலியான கார்டு கையில் இருந்தால் அடுத்த ஆடித் தள்ளுபடிக்கே லாங் பஜாரில் அது மறுபடி வெளியே வரும். எங்கள் கம்பெனியில் ஒருவர் இப்படிக் கடனை மாற்றிவிட்டுப் பழைய கார்டையும் வைத்துக்கொண்டு, இப்போது இரண்டு கார்டுக்கும் கட்டுகிறார், அவரைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. மூடச் சொன்னதும் ‘ஆண்டுக் கட்டணம் வேண்டாம் சார், லிமிட் கூட்டித் தர்றோம்’ என்று கூப்பிட்டார்கள். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதைக் குறிப்பிட்டு மெயில் அனுப்பினேன், மூடினார்கள். வங்கி முப்பது நாளைக்குள் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் புகார் போடலாம், 14448 என்ற எண்ணில் கேட்டால் வழி சொல்வார்கள்.

தவணை ஓடுகிற புதுக் கார்டில் எதுவும் வாங்கவில்லை. முடிகிற சமயத்தில் சீட்டு எடுத்து மொத்தமாக அடைத்துவிடலாமா என்று விசாரித்தேன், முன்கூட்டியே முடித்தால் 3 சதவீதம் கட்டணம் என்றார்கள். கடைசி மாதங்களில் மிச்சமிருக்கும் வட்டியே அதைவிடக் குறைவு, எனவே அப்படியே ஓடவிட்டேன்.

கடைசித் தவணை போன பிறகு பாக்கி இல்லை என்ற கடிதத்தை இரண்டு வங்கியிடமும் கேட்டு வாங்கினேன். சிபில் அறிக்கை வருஷத்துக்கு ஒரு தடவை இலவசம், அதை எடுத்துப் பார்த்தால் மூடின பழைய கார்டு இன்னும் திறந்தே இருப்பதாகக் காட்டியது. கடிதத்தை இணைத்துத் திருத்தக் கோரிக்கை போட்டேன். இதற்கும் முப்பது நாள் கெடு இருக்கிறது, தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. கெடுவுக்குள்ளேயே சரியாகிவிட்டது.