முப்பத்தாறு வருஷத்து பைப்பை மாற்றிய கதை

எங்கள் குடியிருப்பு 1987-இல் கட்டியது. சென்னை நங்கநல்லூர். தரைத்தளமும் மேலே மூன்று மாடியும், தளத்துக்கு மூன்று வீடு, ஆக மொத்தம் பன்னிரண்டு வீடு. 2023-இல் சங்கச் செயலாளர் பதவி என் தலையில் விழுந்தது. பொதுக்குழுவுக்கு அன்று அரைமணி தாமதமாகப் போனது தவிர நான் ஒரு தப்பும் செய்யவில்லை.

முதல் புகார் மூன்றாவது மாடி மாமியிடமிருந்து. "ஷவர்ல தண்ணி சொட்டறது, காலம்பற திறந்தா டிகாஷன் மாதிரி வரது." தரைத்தளத்துக்காரர்களோ, எங்களுக்கு நன்றாகத்தானே வருகிறது என்றார்கள். தொட்டியைக் கழுவினோம். மோட்டாரைச் சந்தேகப்பட்டோம். போர் தண்ணீரைத் திட்டினோம். அரை பக்கெட் போனதும் தண்ணீர் தெளிந்துவிடுகிறது, சாயங்காலம் கலங்குவதில்லை, ராத்திரி முழுக்க பைப்பில் நின்ற தண்ணீர்தான் கலங்குகிறது என்பதை மாமிதான் கவனித்துச் சொன்னார். அப்படியானால் கோளாறு தொட்டியில் இல்லை, பைப்பில் என்று பிளம்பர் வந்த அன்றே சொல்லிவிட்டார்.

மொட்டை மாடியிலிருந்து இறங்கும் டவுன் லைன் ஒன்றில் ஒன்றரை அடித் துண்டை ஆக்ஸா பிளேடால் அறுத்து என் கையில் கொடுத்தார். ஒரு இஞ்ச் ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. வெளியே பெயிண்ட் அடித்து கம்பீரமாகத்தான் இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் கறையான் புற்று மாதிரி துரு முடிச்சு முடிச்சாகக் கட்டி, நடுவில் பென்சில் நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை. உள்பூச்சான துத்தநாகம் எப்போதோ போய்விட்டது. உப்புத் தண்ணீரும் இரும்பும் முப்பத்தாறு வருஷம் தனியாகக் குடும்பம் நடத்தியிருக்கின்றன.

மேல் மாடிக்கு மட்டும் ஏன் முதலில் தெரிந்தது என்பதும் அப்போது புரிந்தது. பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்கு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம். மூன்றாவது மாடி ஷவர் தொட்டிக்குப் பத்தடி கீழேதான் இருக்கிறது, அதற்குக் கிடைப்பது கால் கிலோ சொச்சம். பைப் கொஞ்சம் அடைத்தாலும் அங்கே தெரிந்துவிடும். தரைத்தளம் ஒரு கிலோவுக்கு மேல் அழுத்தத்தில் சௌகரியமாகக் குளித்துக்கொண்டிருந்தது.

ஒருவர் ஆசிட் ஊற்றிக் கழுவலாம் என்றார். பிளம்பர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், இந்தத் துருதான் இப்ப பைப்பே. அதை எடுத்தா தண்ணி சுவத்துலதான் வரும்." ஒட்டுப் போடுவதும் இதே கதைதான். பழைய த்ரெட்டில் ஒரு எல்போவை, அதாவது பைப் திரும்பும் வளைவைக் கழற்ற ரெஞ்ச் போட்டால், அந்த முறுக்கில் இரண்டடி தள்ளி அடுத்த காலர் கசிய ஆரம்பிக்கும். அதற்கு முந்தைய இரண்டு வருஷத்தில் நாங்கள் எட்டு ஒட்டுப் போட்டிருந்தோம். கணக்கு நோட்டைப் புரட்டினால் ஒவ்வொன்றும் முந்தைய ஒட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரன்.

முழுசாக மாற்றுவது என்று முடிவானதும்தான் உண்மையான கச்சேரி ஆரம்பித்தது: யார் பணம்? தரைத்தளத்தார் எங்களுக்குத் தேவையில்லை என்றார்கள். அப்போது நடப்பில் இருந்த 1994-ஆம் வருஷத்து அடுக்குமாடிச் சட்டத்தில் பொதுவான தண்ணீர் வசதிகள் பொதுப் பகுதியில்தான் வருகின்றன என்று முதல் மாடி வக்கீல் எடுத்துக் காட்டினார். மூன்று கூட்டத்துக்குப் பிறகு ஒரு கோடு போட்டோம். தொட்டியிலிருந்து வீட்டு வால்வு வரைக்கும் சங்கம், சதுர அடிக் கணக்கில் வசூல். வால்வுக்கு உள்ளே அவரவர் பாடு. சராசரியாக வீட்டுக்கு 35,000 ரூபாய் வந்தது. இந்த "வால்வு" என்ற ஒரு வார்த்தையைத் தீர்மானத்தில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியதுதான் என் செயலாளர் வாழ்க்கையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். பாதி வீடுகளில் தனி வால்வே கிடையாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதையும் சங்கச் செலவில் வைத்தோம்.

பைப்புக்கு சி.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் எடுத்தோம். கீசர் பக்கம் சுடுதண்ணீரும் தாங்கும், துருப் பிடிக்காது. ஆனால் வெயில் ஆகாது, வெளிச்சுவரில் ஓடும் இடமெல்லாம் பெயிண்ட் அடிக்க வேண்டும். இன்னொன்று, இது இரும்பு மாதிரி சும்மா கிடக்காது. பத்து மீட்டர் பைப், இருபது டிகிரி சூடு ஏறினால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளும். அதனால் கிளாம்பை இறுக்கக் கூடாது, பைப் நழுவ இடம் விட வேண்டும். முதல் நாள் வந்த பையன் பழைய பழக்கத்தில் எல்லாவற்றையும் நெறித்துக் கட்டியிருந்தான். பிளம்பர் கயிற்றில் கட்டிய ஜூலாப் பலகையில் தொங்கிக்கொண்டே ஒவ்வொன்றாகத் தளர்த்தினார்.

வேலையின் வரிசையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நாங்கள் பிழைத்தது அதனால்தான். பழைய லைனை ஒருபோதும் முதலில் கழற்றவில்லை. அது ஓடிக்கொண்டிருக்க, அதற்குப் பக்கத்திலேயே வெளிச்சுவரில் புது லைனை மேலிருந்து கீழ் வரை கட்டி முடித்து, கைப்பம்பால் ஆறு கிலோ அழுத்தம் ஏற்றி இரண்டு மணி நேரம் மீட்டர் முள் இறங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் வீட்டுக்குள் இணைப்பை மாற்றினோம். மொத்தம் ஆறு டவுன் லைன், ஒரு நாளைக்கு ஒன்று. அந்த வரிசையில் இருக்கும் நான்கு வீட்டுக்கு மட்டும் காலை பத்திலிருந்து நாலு வரை தண்ணீர் இல்லை. முந்தின ராத்திரியே வாசலில் ஒரு டிரம் நிரப்பி வைத்துவிடுவோம்.

இதில் ஒரு நாள் கெட்டது என்னால். சாயங்காலம் நாலரைக்கு, கடைசி ஜாயின்ட் ஒட்டி அரை மணி கூட ஆகவில்லை. மாமி போன் மேல் போன். மாடிக்குப் போய் நானே வால்வைத் திறந்துவிட்டேன். இரண்டாவது மாடி எல்போ 'டொப்' என்று கழன்று மாடிப்படியில் அருவி. பைப்பை ஒட்டும் சால்வென்ட் சிமென்ட் தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், உள்ளே பசையாகவே இருக்கும். பிளம்பர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை மொட்டை மாடி வால்வில் ஒரு பூட்டுத் தொங்கியது, சாவி அவரிடம்.

இன்னொரு விஷயம், இதை எங்கும் யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. நாலாவது லைனைத் துண்டித்த அன்று இரண்டாவது மாடியில் கீசர் தண்ணீரைத் தொட்ட அம்மாவுக்கு சுரீர் என்றது. எலக்ட்ரீஷியன் வந்து கீசருக்குப் பின்னால் பார்த்தால், எர்த் கம்பியைப் பழைய ஜி.ஐ. பைப்பில் சுற்றிவைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் அப்படிச் செய்வது சகஜமாம். கீசரில் ஏற்கெனவே இருந்த மின்கசிவு இத்தனை வருஷம் இரும்பு வழியாகத் தரைக்குப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் பிளாஸ்டிக் வந்ததும் போக வழியில்லை. வேலையை இரண்டு நாள் நிறுத்தி, பன்னிரண்டு வீட்டிலும் எர்த் சரிபார்த்தோம். ஐந்து வீட்டில் இதே ஏற்பாடு. எர்த் குழி புதிதாக எடுத்து, மின்கசிவு வந்தால் தானே கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டுக்கு ஒன்று போட்டோம். பட்ஜெட்டில் இல்லாத செலவுதான், ஆனால் அதைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரும்பை எடுத்து பிளாஸ்டிக் போடப்போகிறவர்கள் பிளம்பருக்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கழிவுக் குழாயையும் அப்படியே பார்த்துவிடலாம் என்று ஆசை வந்தது. வார்ப்பிரும்புக் குழாய், ஈயம் உருக்கி ஊற்றிய ஜாயின்ட்கள். பின்பக்கத்தில் ஒரு ஜாயின்டில் அரசங்கன்று முளைத்து ஆள் உயரத்துக்கு நின்றது. வேர் குழாய்க்குள்ளே போய் ஜடை பின்னியிருந்தது. கீழ் வீட்டுச் சுவரில் நான்கு வருஷமாக இருந்த ஈரத்துக்கு மேல் வீட்டுக்காரரைப் பழி சொல்லிக்கொண்டிருந்தோம், பாவம். அந்த ஒரு வரிசையை மட்டும் நாலு இஞ்ச் பி.வி.சி.க்கு மாற்றினோம். மற்ற இரண்டும் இன்னும் ஓடுகின்றன.

வேலை மொத்தம் பத்தொன்பது நாள். முடிந்த முதல் வாரம் எல்லா வீட்டிலும் குழாய் முனை வலையில் துருத் தூள் சிக்கி அடைத்தது. உள்பைப்பிலிருந்த படிவு அசைந்து வந்தது அது. கழற்றி உதறினால் போதும் என்று வாட்ஸ்அப்பில் இருபது தடவை எழுதினேன். பழைய இரும்பை எடைக்குப் போட்ட பணம் யாருக்கு என்று ஒரு சின்னச் சண்டை நடந்தது. வாட்ச்மேனுக்குக் கொடுத்து முடித்தோம்.

பன்னிரண்டில் ஒன்பது வீடு உள்பைப்பையும் மாற்றிக்கொண்டது. மூன்று வீட்டில் டைல்ஸை உடைக்க மனசு வரவில்லை. அதில் ஒருவர் போன வாரம் என்னை லிஃப்ட் அருகே பிடித்து, காலையில் தண்ணீர் கொஞ்சம் கலங்கலாக வருகிறதே, தொட்டி கழுவி எத்தனை நாளாச்சு என்று கேட்டார். அறுத்த அந்த ஒன்றரை அடி பைப் இன்னும் என் வீட்டு ஷூ ஸ்டாண்டு மேல்தான் இருக்கிறது. எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்தேன்.