தாத்தா லாரியும் அப்பா பிரைம் மூவரும்

எங்க குடும்ப லாரி தொழில் சிங்கப்பூர் ஆத்தோரம் போட் கீயில ஆரம்பிச்சது. தொங்கான்ங்கிற சரக்குப் படகுலருந்து ஆளுங்க அரிசி மூட்டைய முதுகுல சுமந்து இறக்குவாங்க, தாத்தா அத ஏத்திக்கிட்டு கடை கடையா கொண்டு போடுவாரு. 1972ல தஞ்சோங் பகார்ல கண்டெய்னர் முனையம் திறந்தாங்க பாருங்க, பொழப்பே மாறிடுச்சு. அப்பா பிடிவாதமா கடன வாங்கி கண்டெய்னர இழுக்குற பழைய பிரைம் மூவர் வண்டி ஒண்ணு எடுத்தாரு, தாத்தாவுக்கு சுத்தமா பிடிக்கல, உள்ள என்ன சரக்குன்னே தெரியாம ஓட்டுறதெல்லாம் ஒரு தொழிலாம்பாரு. 1983ல ஆத்துலருந்து தொங்கானெல்லாம் பாசிர் பாஞ்சாங் போனதும் அவரும் வாய மூடிட்டாரு 😄

அப்பா இன்னிக்கும் ரோட்ல கண்டெய்னர் போனா மொதல்ல பாக்குறது மூலையில பெட்டிய வண்டியோட பூட்டுற ட்விஸ்ட் லாக்கத்தான். அது சரியா பூட்டலன்னா வளைவுல பெட்டி சரிஞ்சிடும், அதனால கிளம்புறதுக்கு முன்னாடி நாலையும் கையால ஆட்டிப் பாத்தே ஆகணும், எங்க யார்டுல அதான் சட்டம்.

இப்ப தம்பி பாத்துக்குறான். துவாஸ் துறைமுகம் 2022ல முறைப்படி திறந்தாச்சு, நகரத்து முனையமெல்லாம் 2027க்குள்ள அங்க போறதா திட்டம். டீசல், சிஓஇ (வண்டி வச்சுக்க எடுக்குற உரிமச் சீட்டு), டிரைவர் கிடைக்காத பாடுன்னு ஆரம்பிச்சா விடிஞ்சிடும். ஜூரோங் பக்கம் யார்டு தேடிட்டிருக்கோம், தெரிஞ்சா இன்பாக்ஸ்ல சொல்லுங்க.